வேலைக்கும் மேலே விசுவாசம்: பெங்களூர்த் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஒரு நடைமுறை வழிகாட்டி

பெங்களூருக்கு வேலைக்காக வந்து குடியேறிய தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் விசுவாசத்தை வெளிப்படையாகக் கைவிட்டவர்கள் மிகச் சிலரே. ஒயிட்ஃபீல்டிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் வாரம் முழுவதும் உழைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளை எழுப்பிக் கிளப்பி, நகரத்தின் மறுகோடியில் இருக்கும் தமிழ் ஆராதனைக்கு வந்து சேருகிறவர்களே அதிகம். விசுவாசத்துக்கு முதலிடம் கொடுங்கள் என்று அவர்களிடம் சொன்னால், ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறோம் என்று மனதார நம்புவார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. நம்மில் பலருடைய விசுவாசம் முதலிடத்தில் இருப்பதுபோலத் தோன்றினாலும், உண்மையில் அது வேலைக்கும் வீட்டுக்கும் விசாவுக்கும் ஊழியம் செய்துகொண்டிருக்கிறது. அப்ரைசலுக்கு முன் உபவாசம் இருக்கிறோம். பதவி உயர்வு வந்தால், தேவன் செய்த நன்மை என்று சபையில் எழுந்து சாட்சி சொல்கிறோம். வராவிட்டால் தேவன்மேல் மனத்தாங்கல் கொள்கிறோம். இந்த வரிசையை எப்படி மாற்றிப்போடுவது என்பதைப் பற்றி, ஒரு தமிழ்ச் சபையில் வேதபாடக் குழுவை நடத்தி வருகிறவன் என்ற முறையில், நடைமுறையில் செய்யக்கூடியவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

ஜெப விண்ணப்பங்களிலிருந்து தொடங்குங்கள்

கடந்த சில மாதங்களில் எதற்காகவெல்லாம் ஜெபித்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவிலும் ஜெபக் குழுவிலும் நீங்கள் அனுப்பிய விண்ணப்பங்களைத் தேடிப் பார்த்தால், மறந்துபோனவையும் அகப்படும். வேலை, தேர்வு, விசா, வீட்டுக் கடன், மகளுக்கு வரன், மகனுக்குக் கல்லூரி இடம் என்று பட்டியல் நீளும். இவற்றைக் கேட்பதில் ஒரு தவறும் இல்லை. வியாழக்கிழமைகளில் விவேக்நகர் குழந்தை இயேசு திருத்தலத்தில் திரளுகிற மக்களின் கண்ணீரைப் பார்த்தவர் எவரும் அதைக் குறைவாகப் பேசமாட்டார். கேளுங்கள், கொடுக்கப்படும் என்றவர் இயேசுவே. அன்றன்றுள்ள அப்பத்தைக் கேட்கச் சொன்னவரும் அவரே. ஆனால் அந்த ஜெபத்தை அவர் கற்றுக்கொடுத்த ஒழுங்கைக் கவனியுங்கள். பிதாவின் நாமம் பரிசுத்தப்படுவதும், அவருடைய ராஜ்யம் வருவதும், அவருடைய சித்தம் செய்யப்படுவதும் முதலில் வருகின்றன. அப்பம் அதற்குப் பிறகே வருகிறது. உங்கள் தாளில் அந்த ஒழுங்கு தலைகீழாக இருக்கிறதா, அல்லது முதல் பகுதியே காணாமற்போயிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் கீழே இரண்டாவதாக ஒரு வரி எழுதுங்கள். கேட்டது கிடைத்தால் அதைக் கொண்டு தேவனுக்கும் பிறருக்கும் என்ன செய்யப்போகிறீர்கள், கிடைக்காவிட்டால் எதில் உண்மையாயிருக்கப்போகிறீர்கள் என்பதே அந்த வரி. எங்கள் குழுவில் ஓர் இளைஞர், நிறுவனத்தின் அமெரிக்கக் கிளைக்கு மாற்றல் கிடைக்க வேண்டும் என்று நெடுநாளாக ஜெபிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாவது வரியில் எழுதுவதற்குத் தமக்கு ஒன்றுமே தோன்றவில்லை என்று ஒரு மாலையில் அவரே சொன்னார். அவர் கேட்டதில் பிழை இல்லை. தாம் எதற்காகக் கேட்கிறோம் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை, அவ்வளவுதான். அந்த வரியை எழுதத் தொடங்கிய பிறகு, ஊரில் தனியாக இருக்கும் தாயாரைப் பற்றியும் அவர் அதே விண்ணப்பத்தோடு சேர்த்து ஜெபிக்கலானார். மாற்றல் இன்னும் வரவில்லை. ஆனால் அந்த ஜெபம் இப்போது வேறு ஜெபம்.

ஜெபத்தைப் போலவே சாட்சியையும் கவனிக்க வேண்டும். சொல்லப்போனால் அதைவிடக் கூடுதலாகவே கவனிக்க வேண்டும், ஏனென்றால் எதற்கு நன்றி சொல்லுகிறோமோ அதையே நம் பிள்ளைகள் ஆசீர்வாதம் என்று கற்றுக்கொள்கிறார்கள். ஆண்டுக் கடைசியில் நடக்கும் ஸ்தோத்திர ஆராதனையில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். புது ஃப்ளாட், புது கார், கிரீன் கார்டு, மகளுக்கு மருத்துவ இடம் என்று சாட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அப்படிப்பட்ட ஓர் ஆராதனையில், லிங்கராஜபுரத்திலிருந்து வருகிற, வீட்டு வேலை செய்து பிழைக்கிற ஒரு தாயார் எழுந்தார். “எனக்குப் புதுசா ஒண்ணும் வரல, ஐயா. மருமகளோட ரெண்டு வருஷமாப் பேச்சில்லாம இருந்தேன். போன வாரம் நானே போய்ப் பேசிட்டேன். அவளும் சாப்பிட்டுப் போங்கன்னு சொன்னா. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்” என்று சொல்லிவிட்டு, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்று கேட்ட சாட்சிகளில் சுவிசேஷம் முழுமையாக இருந்தது அதில்தான் என்று நான் நினைக்கிறேன். அடுத்த முறை உங்களுக்குச் சாட்சி சொல்ல வாய்ப்பு வரும்போது, அந்தஸ்தை ஒரு படி கூட உயர்த்தாத ஒன்றுக்காக நன்றி சொல்லுங்கள். படுக்கையில் இருக்கும் மாமனாரைப் பார்த்துக்கொள்ளக் கிடைத்த பொறுமை, பழைய பகையை விட்ட விடுதலை, சொல்ல வேண்டிய இடத்தில் உண்மையைச் சொல்லக் கிடைத்த தைரியம் என்று எதுவாகவும் இருக்கலாம். குடும்ப ஜெபத்திலும் இதையே பழக்கமாக்குங்கள்.

உங்கள் தகுதிப் பட்டியலை எழுதிப் பாருங்கள்

பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் பவுல் தமது தகுதிகளை வரிசையாகச் சொல்லுகிறார். எட்டாம் நாளில் விருத்தசேதனம் அடைந்தவர், பென்யமீன் கோத்திரத்தார், எபிரெயரில் பிறந்த எபிரெயர், பரிசேயர், நியாயப்பிரமாணத்தின்படி குற்றம் காணப்படாதவர். பெயர்பெற்ற யூத வேதபாரகர் கமாலியேலின் பாதத்தருகே படித்தவர் என்பதை அப்போஸ்தலர் நடபடிகளிலிருந்து நாம் அறிகிறோம். இத்தனையையும் சொல்லிவிட்டு, “எனக்கு லாபமாயிருந்தவைகளெவைகளோ அவைகளைக் கிறிஸ்துவுக்காக நஷ்டமென்றெண்ணினேன்” என்கிறார். இதை அவர் எழுதியது காவலில் இருந்தபோது. ஆயினும் தமக்கிருந்த ரோமக் குடியுரிமையை அவர் மறைக்கவில்லை. அதே பிலிப்பி பட்டணத்தில் தம்மைச் சட்டவிரோதமாக அடித்த அதிகாரிகளிடம் அந்த உரிமையைச் சொல்லி நியாயம் கேட்டார். தகுதிகளை அவர் கிழித்தெறியவில்லை. எந்தப் பக்கத்தில் வரவு வைப்பது என்பதை மாற்றினார். நாம் செய்ய வேண்டியதும் அதுவே.

ஆகவே உங்கள் பட்டியலையும் எழுதுங்கள். படித்த கல்லூரி, நிறுவனத்தின் பெயர், பதவி, ஆண்டுச் சம்பளம், வீடு இருக்கும் பகுதி, பிள்ளைகள் படிக்கும் பள்ளி எல்லாவற்றையும் எழுதுங்கள். அதோடு நிறுத்திவிடாதீர்கள். இன்னாருடைய பேரன், மூன்று தலைமுறை ஊழியக் குடும்பம், ஊரில் ஆலயம் கட்டிய வம்சம் என்பவற்றையும், வெளியே சொல்லாமல் உள்ளுக்குள் வைத்திருக்கும் சாதியையும் எழுதுங்கள். பெங்களூருக்கு வந்த பிறகு சாதியை விட்டுவிட்டோம் என்று சொல்லுகிற குடும்பங்கள், வரன் தேடும் நாளில் அதைப் பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைப்பதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். பட்டியல் முடிந்ததும் ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இது நாளைக்கு இல்லாமற்போனால், அடுத்த ஞாயிறு சபைக்கு வர நான் கூசுவேனா? ஆம் என்று மனம் சொல்லுகிற இடத்தில், கிறிஸ்துவுக்குரிய இருக்கையில் வேறொன்று உட்கார்ந்திருக்கிறது.

இவை எவ்வளவு விரைவாக இல்லாமற்போகும் என்பதற்குப் பெங்களூர்க்காரர்கள் தூரமாகப் போக வேண்டியதில்லை. கோலார் தங்கவயலில் 1880-களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சுரங்க வேலை பார்த்தன. எந்தச் சுரங்கத்தில் வேலை, என்ன பதவி, கம்பெனி கொடுத்த வீடு எந்த வரிசையில் என்பவற்றைக் கொண்டே அங்கே மரியாதை அளக்கப்பட்டது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டபோது அந்த அளவுகோல் ஒரே நாளில் ஒடிந்தது. அங்கிருந்து ரயிலேறிப் பெங்களூருக்குத் தினந்தோறும் கூலி வேலைக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர். சபைகள் மூடப்படவில்லை, அவர்களுடைய ஜெபமும் நிற்கவில்லை. இன்று நம் சபைகளில் மூப்பர்களாக இருக்கும் தங்கவயல்காரர்கள் சிலரிடம் பேசிப் பாருங்கள். பதவி என்றால் என்ன என்பதை அவர்கள் நம்மைவிடத் தெளிவாக அறிந்திருக்கிறார்கள்.

பட்டியலை முழுவதுமாக இழந்த ஒருவரையும் நாம் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. 1712-ல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் அரண்மனையில் மார்த்தாண்டவர்மாவின் அதிகாரிகளில் ஒருவர். குளச்சல் போரில் பிடிபட்டு, பின்பு அரசரின் படையைப் பயிற்றுவித்த டச்சு அதிகாரி டிலனாய் வழியாகக் கிறிஸ்துவை அறிந்து, 1745-ல் வடக்கன்குளத்தில் தேவசகாயம் என்ற பெயரோடு திருமுழுக்குப் பெற்றார். சாதி பாராமல் எல்லாரோடும் பழகினார். அதன் விலையாகப் பதவி போயிற்று. 1749-ல் கைது செய்யப்பட்டார். எருமையின்மேல் ஏற்றி ஊரூராகக் கொண்டுபோய் அவமானப்படுத்தினார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று ரோமாபுரியில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். நம்மில் எவரிடமும் இத்தனை பெரிய விலை கேட்கப்படுவதில்லை. எனினும் அவர் அரண்மனை மரியாதையை இழந்ததற்கு அவருடைய விசுவாசத்தோடு, தாழ்ந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு அவர் கலந்து பழகியதும் ஒரு காரணம் என்பது, சாதியைப் பெட்டிக்குள் வைத்திருக்கிற நமக்கு நேராகச் சொல்லப்பட்டதாகவே எனக்குப் படுகிறது.

சோதனை வருமுன் தீர்மானியுங்கள்

பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்ட தானியேல், ராஜாவின் போஜனத்தால் தன்னைத் தீட்டுப்படுத்தலாகாது என்று தீர்மானம் பண்ணியது பந்தியில் உட்கார்ந்த பிறகு அல்ல. அதற்கு முன்பே தன் இருதயத்தில் தீர்மானித்திருந்தான். அவன் வேலையில் சோம்பேறியும் அல்ல. அவனிடம் குற்றம் கண்டுபிடிக்க முயன்ற அதிகாரிகளுக்கு அலுவலில் ஒன்றும் அகப்படவில்லை. விசுவாசத்துக்கு முதலிடம் கொடுப்பதாகச் சொல்லிக்கொண்டு, செய்ய வேண்டிய வேலையைச் சக ஊழியரின் தலையில் கட்டிவிட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்று மனப்பூர்வமாய்ச் செய்யச் சொன்ன வேதத்துக்கு அரைகுறை வேலை சாட்சியாகாது.

ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். மென்பொருள் ரிலீஸ் நடக்கும் வாரத்தில், சனிக்கிழமை இரவு மேலாளரின் செய்தி வந்த பிறகு என்ன செய்வது என்று யோசித்தால், பயமே முடிவெடுக்கும். வேலையில் சேரும்போதோ புதிய குழுவுக்கு மாறும்போதோ, ஞாயிறு காலை ஆராதனை நேரத்தில் நீங்கள் அழைப்பில் இருக்கமாட்டீர்கள் என்பதை மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். அதோடு, தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் யுகாதிக்கும் மற்றவர்களுக்குப் பதிலாக நீங்கள் பொறுப்பேற்பதாகச் சொல்லி, சொன்னபடி செய்யுங்கள். பெரும்பாலான குழுக்களில் இந்த ஏற்பாடு எளிதாக ஒத்துக்கொள்ளப்படுகிறது. மருத்துவமனையிலும் காவல்துறையிலும் பேருந்துகளிலும் வேலை செய்கிறவர்களுக்கு ஞாயிறு முறை தவிர்க்க முடியாதது; அவர்கள் குற்ற உணர்வு கொள்ளாமல், வேறொரு நாளின் ஆராதனையையோ வீட்டுக் கூட்டத்தையோ முன்கூட்டியே குறித்துக்கொள்ளட்டும். 1924-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்காட்லாந்து ஓட்டவீரர் எரிக் லிடல் ஞாயிற்றுக்கிழமை நடந்த 100 மீட்டர் தகுதிச் சுற்றில் ஓட மறுத்ததைப் பலரும் அறிவார்கள். அட்டவணை பல மாதங்களுக்கு முன்பே தெரிந்திருந்ததால், அவர் அப்போதே முடிவெடுத்து 400 மீட்டருக்குப் பயிற்சி செய்தார் என்பதையே நான் அதைவிட முக்கியமாகக் கருதுகிறேன். அந்த ஓட்டத்தில் 47.6 விநாடிகளில் தங்கம் வென்றார். அடுத்த ஆண்டே அந்தப் புகழை விட்டுச் சீனாவுக்கு மிஷனரியாகப் போனார். 1945-ல் அங்கே ஒரு தடுப்பு முகாமில் இறந்தார்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை நம்மில் பலருக்கு எளிதான பாடம். கடினமானவை சிறிய பொய்கள். வருமான வரிக் கழிவுக்காகக் கொடுக்கும் போலி வாடகை ரசீது, வேலை தேடும்போது கூட்டிப் போடும் அனுபவ ஆண்டுகள், உழைக்காத மணிகளை வாடிக்கையாளர் கணக்கில் எழுதுவது, ஃப்ளாட் வாங்கும்போது விலையில் ஒரு பகுதியைக் கணக்கில் காட்டாமல் கொடுப்பது ஆகியவை இந்த ஊரில் மிகச் சாதாரணம். எல்லாரும் செய்கிறார்கள் என்பதே இவற்றுக்குச் சொல்லப்படும் நியாயம். இவற்றில் எதை இதுவரை செய்து வருகிறீர்கள் என்று பார்த்து, கணவனும் மனைவியுமாக உட்கார்ந்து, இந்த நிதியாண்டிலிருந்து நிறுத்துவது என்று முடிவெடுங்கள். இதனால் கையைவிட்டுப் போகும் தொகை உண்மையான தொகைதான். அதைக் கணக்கிட்டுப் பாருங்கள். விசுவாசத்தை மேலாக மதிக்கிறோம் என்று சொல்லுவதற்கு ரூபாயில் ஒரு விலை உண்டு என்பது அப்போது தெரியும்.

சம்பளம் வரவான அன்றே

திருநெல்வேலிச் சீமையின் சபைகளில் நம் பாட்டிமார் உலை வைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார்கள். ஞாயிறன்று அது ஆலயத்துக்குப் போகும். சமைத்து மிஞ்சியதை அவர்கள் கொடுக்கவில்லை. அளந்த அரிசியிலிருந்து, பசிக்கு முன்பாக எடுத்தார்கள். அப்படிப்பட்ட ஏழைச் சபைகளின் காணிக்கையில்தான் 1903-ல் இந்திய மிஷனரி சங்கம் எழும்பியது. இன்று உலை வைக்கும் நேரம் என்பது சம்பளம் வங்கிக் கணக்கில் விழும் நேரம். அன்றே தசமபாகத்தை, அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை, அல்லது நீங்கள் தீர்மானித்த பங்கை, வேறொரு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். தவணைகளும் கார்டு பில்லும் போன பிறகு மாதக் கடைசியில் கொடுப்போம் என்றால் ஒன்றும் இருக்காது.

சம்பள உயர்வு வரும்போதுதான் உண்மையான போராட்டம் வருகிறது. உயர்வு எவ்வளவு என்று தெரியும் முன்பே, அதில் எத்தனை பங்கு கொடுப்பதற்கு, எத்தனை பங்கு நமக்கு என்று எழுதி வைத்துவிடுங்கள். தெரிந்த பிறகு மனம் பெரிய வீட்டைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடும். வீடு வாங்குவது பாவம் அல்ல. வாடகைக்கு அலைகிற குடும்பத்துக்குச் சொந்த வீடு பெரிய ஆறுதல். ஆனால் விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும். இருபது ஆண்டுத் தவணையில் சம்பளத்தின் பாதியைக் கட்டிவிட்டவர், அலுவலகத்தில் பொய்க் கையெழுத்துப் போடச் சொன்னால் முடியாது என்று சொல்லும் சுதந்திரத்தையும் சேர்த்தே அடகு வைத்திருக்கிறார். வீடு பார்க்கும்போது சதுர அடியோடு இதையும் கணக்கில் எடுங்கள். போதுமென்கிற மனதுடனே கூடிய தேவபக்தியே மிகுந்த ஆதாயம் என்று தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்டது.

கொடுப்பதில் ஒரு பகுதி எவருக்கும் தெரியாமல் இருக்கட்டும். ரசீதும் கல்வெட்டும் பெயர்ப் பலகையும் இல்லாமல், ஓர் ஏழைப் பிள்ளையின் பள்ளிக் கட்டணமாகவோ, சபையில் நோயுற்ற ஒருவரின் மருந்துச் செலவாகவோ கொடுங்கள்.

சபைக்குள் அந்தஸ்து நுழையும் வாசல்கள்

பொன்மோதிரமும் மினுக்கான வஸ்திரமும் அணிந்தவருக்கு நல்ல இடமும், கந்தையான ஆடையோடு வரும் தரித்திரருக்குப் பாதபடியருகே இடமும் காட்டுகிற சபையை யாக்கோபு தமது நிருபத்தில் கடிந்துகொள்கிறார். நம் சபைகளில் எவரையும் அப்படித் தரையில் உட்காரச் சொல்வதில்லை. ஆனால் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்குத் தலைமை தாங்க அழைக்கப்படுகிறவர் எப்போதும் உயர் அதிகாரியாகவே இருக்கிறார். கமிட்டித் தேர்தலில் நிற்கிறவரின் அறிமுகத்தில் அவருடைய நிறுவனப் பதவி முதலில் வருகிறது. ஆராதனை முடிந்ததும் நடக்கும் பேச்சில் ஒரே வருமான நிலையில் இருப்பவர்கள் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். இதை மாற்றத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டியதில்லை. இந்த ஞாயிறு, நீங்கள் ஒருபோதும் பேசியிராத ஒருவரிடம் போய்ப் பேசுங்கள். எங்கே வேலை என்று கேட்காமல் பேசுங்கள். கேட்காமல் பேசுவது எத்தனை கடினம் என்பதை அப்போது உணருவீர்கள்.

அசனப் பண்டிகையை நடத்தி வந்த தலைமுறைக்கு இது தெரிந்திருந்தது. ஆலய வளாகத்தில் எல்லாரும் ஒரே பந்தியில் தரையில் உட்கார்ந்து, ஒரே அண்டாவில் வெந்த சோற்றைச் சாப்பிட்டார்கள். பெங்களூர்ச் சபைகள் சிலவற்றில் அது இன்று கேட்டரிங் பஃபேயாக மாறி, அவரவர் தட்டோடு அவரவர் வட்டத்தில் நிற்பதாகிவிட்டது. வாய்ப்புள்ள சபைகள் பழைய பந்தியை மீட்டுக்கொண்டால் நல்லது. பரிமாறும் வேலையைப் பெரிய பதவியில் இருப்பவர்கள் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

பிள்ளைகளும் அவர்களுடைய எதிர்காலமும்

பத்தாம் வகுப்பு வந்தவுடன் பிள்ளைகளை ஓய்வுநாள் பாடசாலையிலிருந்து நிறுத்திக் கோச்சிங் வகுப்புக்கு அனுப்பும் வழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. அந்த ஒரு செயலின் மூலம், நாம் சொன்ன அத்தனை வேத வசனங்களுக்கும் எதிரான ஒன்றை அந்தப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்துவிடுகிறோம்: காரியம் பெரிதானால் தேவன் காத்திருப்பார். ஞாயிறு காலை இரண்டு மணி நேரத்தால் எவருடைய ரேங்கும் போய்விடாது. மதிப்பெண் வந்த அன்று, அது எவ்வளவாக இருந்தாலும், உறவினருக்குச் செய்தி அனுப்பும் முன் பிள்ளையோடு முழங்கால்படியிட்டு நன்றி சொல்லுங்கள்.

ஊழியத்துக்குப் பிள்ளைகளை எழுப்பும் ஆண்டவரே என்று ஜெபிக்கிற நாம், நம் மகன் குறைந்த சம்பளத்தில் ஒரு மிஷன் மருத்துவமனைக்கோ கிராமப் பள்ளிக்கோ போகிறேன் என்றால் திகைத்துப்போகிறோம். வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த அசரியா, ஒய்.எம்.சி.ஏ.வில் நல்ல பொறுப்பில் இருந்தவர். தாம் சேர்ந்து தொடங்கிய அந்த இந்திய மிஷனரி சங்கத்துக்குத் தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கல்லில் ஆள் தேவைப்பட்டபோது, 1909-ல் அந்தப் பொறுப்பை விட்டுத் தாமே போனார். தெலுங்கு கற்று அந்த எளிய மக்களோடு வாழ்ந்தார். 1912-ல் இந்தியரில் முதல் ஆங்கிலிக்கன் பேராயராக அவர் அபிஷேகம் பண்ணப்பட்டது அதற்குப் பிறகுதான். வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியில் சபைகளின் பரிந்துரையோடு சேருகிற மாணவர்கள் படிப்பு முடிந்ததும் இரண்டு ஆண்டுகள் மிஷன் மருத்துவமனைகளில் பணியாற்ற ஒப்புக்கொள்கிறார்கள். அந்த இரண்டு ஆண்டுகளை எப்படியாவது தப்பித்துக்கொள்ள வேண்டிய கடனாகப் பிள்ளைக்குச் சொல்லாதீர்கள். அதுவே அவர்கள் படித்ததன் நோக்கமாக இருக்கலாம்.

திருமணப் பேச்சில், பயோடேட்டாவின் முதல் பக்கத்தில் இருப்பவற்றைக் கேட்டு முடித்ததும், இன்னும் இரண்டு கேள்விகளைக் கூசாமல் கேளுங்கள். வீட்டில் சேர்ந்து ஜெபிப்பது உண்டா? வேலைக்காரரிடமும் ஓட்டுநரிடமும் பையன் எப்படிப் பேசுகிறான், பெண் எப்படிப் பேசுகிறாள்? இரண்டாவது கேள்விக்குப் பதிலை அந்த வீட்டார் சொல்லமாட்டார்கள். நீங்கள் போய்வரும்போது கவனித்துக்கொள்ள வேண்டும்.

வேலை போகும்போது

2022-ன் பிற்பகுதியிலிருந்து இந்த ஊரில் ஆட்குறைப்பு என்ற சொல்லைக் கேளாத சபை இல்லை. வேலை இழந்தவர்கள் முதலில் நிறுத்துவது சபைக்கு வருவதை. அடையாள அட்டை இல்லாமல் நண்பர்களின் முகத்தில் விழிக்கக் கூச்சம். சிலர் காலையில் வழக்கம்போல் பை எடுத்துக்கொண்டு கிளம்பி, மாலைவரை ஏதாவது ஒரு மாலில் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள், மனைவிக்குக்கூடத் தெரிவதில்லை. நாம் எதை மேலாக மதித்தோம் என்பது வெளியே வரும் நாள் இதுவே. இது தண்டனைக்குரிய நாளாக அவர்களுக்குத் தோன்றலாகாது.

உங்களுக்கு இது நேர்ந்தால், முதல் வாரத்திலேயே மூவரிடம் சொல்லுங்கள்: வாழ்க்கைத் துணை, போதகர், நம்பிக்கைக்குரிய ஒரு நண்பர். மறைக்கிற ஒவ்வொரு நாளும் சொல்லுவதை இன்னும் கடினமாக்கும். காலை ஜெப நேரத்தை வேலைக்குப் போன நாட்களில் வைத்திருந்த அதே நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தசமபாகம் கொடுக்க முடியவில்லையே என்று வருந்தாதீர்கள். இந்த மாதங்களில் சபையிடமிருந்து வாங்கிக்கொள்வதும் விசுவாசமே. வேறு எவருக்காவது நேரம் கொடுங்கள். சபையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள்.

வேறொருவருக்கு நேர்ந்தால், சபையில் அவரைப் பார்த்தவுடன் “ஏதாவது கிடைச்சுதா தம்பி?” என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் பயந்தே பலர் வராமற்போகிறார்கள். எங்கள் சபையில் ஒரு மூத்த அக்கா, அப்படி ஓர் இளைஞரை வாசலில் பார்த்ததும், “தம்பி, வாசிக்கிறவர் இன்னைக்கு வரல. நீதான் ரெண்டாம் பாடம் வாசிக்கணும், சரியா?” என்று வேதாகமத்தைக் கையில் கொடுத்துவிட்டார். “சரிங்க்கா” என்று அவரும் வாங்கிக்கொண்டார். வேலையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மளிகைச் செலவுக்கும் வீட்டுத் தவணைக்கும் உதவி தேவையா என்பதைப் போதகர் வழியாகவோ, மனைவியர் தங்களுக்குள் பேசியோ தெரிந்துகொள்ளுங்கள். பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம் எது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அலுவலகத்தில் காலியிடம் இருந்தால் அவருடைய விண்ணப்பத்தை அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். அவர் உங்களைவிட உயர்ந்த பதவியில் இருந்தவராக இருந்து, இப்போது கிடைப்பது சிறிய வேலையாக இருந்தால், அதை ஏற்றுக்கொள்வதில் அவருக்கு இருக்கும் தயக்கத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசுங்கள்; சிறிய வேலையை ஏற்ற ஒருவரைச் சபையில் அதே மரியாதையோடு நடத்துவது, அவருக்கும் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் அந்தப் பேச்சைவிட அதிகமாக உதவும்.